இடித்தாலும் வழக்கு, இடிக்காவிட்டாலும் வழக்கு!

நோட்டீஸ் நடைமுறையில் வழுக்கி விழும் உள்ளாட்சி அமைப்புகள்

புது தில்லி: உத்தரப் பிரதேச மாநிலம் பிரயாக்ராஜில் சில வீடுகளின் சுவர்களில் 2020 டிசம்பர் 18-ஆம் தேதி ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. அனுமதியின்றிக் கட்டியதற்கு விளக்கம் கேட்கும் நோட்டீஸ் அது. பிறப்பிக்கப்பட்ட அன்றே சுவரில் ஒட்டப்பட்டுவிட்டது. 2021 ஜனவரி 8-ஆம் தேதி இடிப்பு உத்தரவு வந்தது. அதுவும் சுவரில்தான் ஒட்டப்பட்டது. பதிவுத் தபால் முதன்முறையாக அனுப்பப்பட்டது மார்ச் 1-ஆம் தேதி. வீட்டுக்காரர்களின் கைக்கு அது கிடைத்தது மார்ச் 6, சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றே வீடுகள் தரைமட்டமாயின.

மேல்முறையீடு செய்வதற்குச் சட்டம் 30 நாள் அவகாசம் தந்திருந்தது. அந்த உரிமையைப் பயன்படுத்த அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஓர் இரவு. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் அடங்கிய அமர்வு இந்த வழக்கில் தீர்ப்பளித்தது. வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் தலா ரூ. 10 லட்சத்தை ஆறு வாரங்களுக்குள் இழப்பீடாக வழங்குமாறு பிரயாக்ராஜ் வளர்ச்சி ஆணையத்துக்கு உத்தரவிட்டது. நேரில் கொடுக்க உண்மையான முயற்சி எடுத்த பிறகே நோட்டீஸைச் சுவரில் ஒட்டலாம் என்பதையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினர்.

அந்த நிலம் யாருடையது, கட்டடம் விதிமீறலா இல்லையா என்ற கேள்விகளை வைத்து இந்த இழப்பீடு தீர்மானிக்கப்படவில்லை. ஒரு தபால் என்று அனுப்பப்பட்டது, என்று கிடைத்தது என்பதே தீர்ப்பின் போக்கைத் தீர்மானித்தது. நாடெங்கும் மாநகராட்சிகள், நகராட்சிகள், வளர்ச்சி ஆணையங்கள் ஆகியவற்றுக்காக நீதிமன்றங்களில் வாதாடும் வழக்குரைஞர்கள் எதிர்கொள்ளும் சிக்கலின் மையமும் இதுதான்.

34 நாள்களில் இரு தீர்ப்புகள்

விதிமீறல் கட்டடங்களை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று ஒரு நாள் நீதிமன்றம் கேட்கிறது. ஏன் இப்படி இடித்தீர்கள் என்று மறுநாள் கேட்கிறது. இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவரே.

2024 நவம்பர் 13-ஆம் தேதி நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் ஆகியோர் அடங்கிய அமர்வு, "புல்டோசர் வழக்கு" என்று பரவலாக அழைக்கப்பட்ட வழக்கில் தீர்ப்பு வழங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காகவோ, குற்றவாளி என்பதற்காகவோகூட ஒருவரின் வீட்டை நிர்வாகம் இடிக்க முடியாது. தண்டனை விதிப்பது நீதிமன்றத்தின் வேலை, அதிகாரிகளின் வேலை அல்ல என்று அத்தீர்ப்பு உரைத்தது. இடிப்பு நடவடிக்கைகளுக்கு நாடு முழுமைக்கும் பொருந்தும் வழிமுறைகளையும் அது வகுத்தது.

அடுத்த 34-ஆவது நாள், 2024 டிசம்பர் 17-ஆம் தேதி, நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு மீரட் நகர வழக்கு ஒன்றில் தீர்ப்பு வழங்கியது. குடியிருப்புக்காக ஒதுக்கப்பட்ட மனையில் கடைகள் கட்டப்பட்ட வழக்கு அது. இடிக்குமாறு அலகாபாத் உயர் நீதிமன்றம் 2014-இலேயே உத்தரவிட்டிருந்தது. பல ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதோ, பெரும் பணம் செலவிடப்பட்டுவிட்டது என்பதோ, அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை என்பதோ விதிமீறலை நியாயப்படுத்தாது என்று கூறிய உச்ச நீதிமன்றம், அந்த உத்தரவை உறுதி செய்தது. கண்மூடி இருந்த அதிகாரிகள் மீது துறை நடவடிக்கையும் குற்ற நடவடிக்கையும் எடுக்குமாறும் அது உத்தரவிட்டது.

இரு அமர்வுகளிலும் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ஒருவர் இடம்பெற்றிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. முதல் தீர்ப்பு அவசரத்தைக் கண்டிக்கிறது; இரண்டாவது தாமதத்தைக் கண்டிக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இவை முரண்படுவதாகத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒன்றையே கேட்கின்றன: விதிமீறலைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும், உரிய முறையில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்டு, காரணம் எழுதி, முடிவெடுக்க வேண்டும். இந்த வரிசையைப் பின்பற்றாத அமைப்பு இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது.

தில்லி கற்ற பாடம்

இந்தச் சிக்கலைத் தலைநகரைவிட அதிகமாக அனுபவித்த நகரம் வேறு இருக்க முடியாது. குடியிருப்புகளில் நடத்தப்படும் கடைகளையும் அலுவலகங்களையும் பூட்டி சீல் வைக்குமாறு 2006 பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எம்.சி. மேத்தா தொடர்ந்த பொதுநல வழக்கில் இந்த உத்தரவு பிறந்தது. பணியைக் கண்காணிக்க மார்ச் மாதம் மூவர் குழு அமைக்கப்பட்டது. வணிகர்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் சீலம்பூரில் போராட்டம் வன்முறையாக மாறி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின.

இதற்கிடையே 2006 மே மாதம் நாடாளுமன்றம் தில்லிக்கென ஒரு சிறப்புச் சட்டம் இயற்றி, ஓராண்டுக்கு நடவடிக்கைகளை நிறுத்தி வைத்தது. ஓராண்டு ஏற்பாடாகத் தொடங்கிய அந்தப் பாதுகாப்பு, அடுத்தடுத்த சட்டங்களால் நீண்டுகொண்டே சென்றது. 2023 டிசம்பரில் நிறைவேற்றப்பட்ட சட்டம் அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது.

மாநகராட்சியின் வழக்குரைஞர் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். நீதிமன்றம் சீல் வை என்கிறது. நாடாளுமன்றம் நிறுத்து என்கிறது. எந்தக் கட்டடத்துக்குச் சிறப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, எதற்கு இல்லை என்பதை ஒவ்வொரு வழக்கிலும் தேதி வாரியாக நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

நீதிமன்றமே அமைத்த குழுவும் சட்ட வரம்புக்கு அப்பாற்பட்டதல்ல என்பது 2020 ஆகஸ்ட் 14-ஆம் தேதி தெளிவாயிற்று. வணிகத்துக்குப் பயன்படாத குடியிருப்புகளுக்குக் கண்காணிப்புக் குழு சீல் வைத்தது அதன் அதிகார வரம்பை மீறிய செயல் என்று கூறி, அந்த சீலை அகற்ற உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சட்டத்தில் கூறப்பட்ட நோட்டீஸும் மேல்முறையீட்டு வாய்ப்பும் எவராலும் பறிக்கப்படக் கூடாதவை என்பதே அதன் சாரம்.

ஜஹாங்கீர்புரியில் நடந்தது

1957-ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டம் இதில் தெளிவாகவே எழுதப்பட்டுள்ளது. அதன் 343-ஆவது பிரிவின்படி, விளக்கம் அளிக்க வாய்ப்புத் தராமல் இடிப்பு உத்தரவு பிறப்பிக்கக் கூடாது. உத்தரவின் நகல் காரணங்களுடன் வழங்கப்பட்ட பின், 5 நாளுக்குக் குறையாமலும் 15 நாளுக்கு மிகாமலும் அவகாசம் தர வேண்டும். பாதிக்கப்பட்டவர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆனால் 322-ஆவது பிரிவு வேறு வகை. சாலையில் வைக்கப்பட்ட தட்டுக்கடை, பெஞ்சு, பெட்டி, ஏணி போன்றவற்றை நோட்டீஸ் இல்லாமலே அகற்றலாம் என்கிறது அது.

எந்தப் பிரிவின் கீழ் நடவடிக்கை என்பதைப் பொறுத்தே நோட்டீஸ் தேவையா இல்லையா என்பது அமைகிறது. நடைபாதைப் பெட்டியை அகற்றச் சென்ற இயந்திரம் கடைச் சுவரைத் தொட்டுவிட்டால், 322-ஆவது பிரிவு காப்பாற்றாது. 2022 ஏப்ரல் 20-ஆம் தேதி வடக்கு தில்லியின் ஜஹாங்கீர்புரியில் எழுந்த சர்ச்சை இதைச் சுற்றியதே. மத ஊர்வலத்தின்போது மூண்ட மோதலுக்குச் சில நாள்கள் கழித்து அங்கு இடிப்புப் பணி தொடங்கியது. சாலை ஆக்கிரமிப்பைத்தான் அகற்றுகிறோம், அதற்கு நோட்டீஸ் தேவையில்லை என்பது நிர்வாகத் தரப்பு வாதம். கட்டடங்களும் இடிக்கப்பட்டன என்பது பாதிக்கப்பட்டோரின் புகார்.

அன்று காலையே உச்ச நீதிமன்றம், இருக்கும் நிலையே நீடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனால் இயந்திரங்கள் நிற்கவில்லை. மனுதாரர் தரப்பு மீண்டும் முறையிட்டது. உத்தரவை உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிக்குமாறு அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா நீதிமன்றப் பதிவகத்துக்கு அறிவுறுத்த வேண்டியதாயிற்று. மறுநாள் வழக்கை விசாரித்த நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய் அமர்வு, மேயருக்குத் தகவல் தெரிந்த பின்னரும் இடிப்பு தொடர்ந்ததா என்பது கடுமையாகப் பரிசீலிக்கப்படும் என எச்சரித்தது. நீதிமன்ற உத்தரவுகளை மின்னணு முறையில் விரைந்து அனுப்பும் ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் தொடங்கி வைத்து அன்றோடு 20 நாள்களே ஆகியிருந்தன.

உத்தரவு பிறந்த நேரம் முக்கியமா, அது அதிகாரிக்குத் தெரிந்த நேரம் முக்கியமா? அவமதிப்பு வழக்குகளில் முதலில் எழும் கேள்வி இது. நீதிமன்றத்தில் நிற்கும் வழக்குரைஞருக்குத் தெரிந்துவிட்டால், அவரை நியமித்த அமைப்புக்கும் தெரிந்துவிட்டதாகவே கொள்ளப்படும். ஆகவே உத்தரவைக் கேட்ட மறு நிமிடமே களத்தில் உள்ள அதிகாரிக்குச் சொல்வதும், சொன்னதற்கு எழுத்து வடிவில் ஆதாரம் வைத்துக்கொள்வதும் அவர் கடமையாகிறது.

நவம்பர் தீர்ப்பு கேட்பது என்ன?

ஜஹாங்கீர்புரி அமர்வில் இருந்த நீதிபதி கவாய்தான் 2024 நவம்பர் தீர்ப்பையும் வழங்கினார். அதன்படி நோட்டீஸ் பதிவுத் தபாலில் செல்ல வேண்டும். கட்டடத்திலும் ஒட்டப்பட வேண்டும். கிடைத்த நாளிலிருந்து 15 நாள், அல்லது உள்ளூர்ச் சட்டம் தரும் அவகாசம், இவற்றில் எது நீண்டதோ அது வழங்கப்பட வேண்டும். என்ன விதிமீறல், எந்த ஆவணங்கள் தேவை, நேரில் விளக்கம் அளிக்கும் நாள் எது என்பன நோட்டீஸில் இடம்பெற வேண்டும்.

நோட்டீஸ் கொடுத்த தகவலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, தானியங்கிப் பதிலைப் பெற வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. பின்தேதியிட்டு நோட்டீஸ் தயாரிப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று தீர்ப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. நாட்டின் உச்ச நீதிமன்றம் உள்ளாட்சிக் கோப்புகளில் உள்ள தேதிகளை எந்த அளவுக்கு நம்புகிறது என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த முடியாது.

விசாரணை நடவடிக்கைகள் பதிவாக வேண்டும். இறுதி உத்தரவில் உரிமையாளரின் வாதமும், அதை ஏற்காததற்கான காரணமும் இருக்க வேண்டும். கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்தக்கூடிய மீறலா, ஒரு பகுதியை மட்டும் இடித்தால் போதுமா, முழுவதையும் இடிப்பது தவிர வேறு வழியே இல்லையா என்பதற்கும் விடை வேண்டும். உத்தரவுக்குப் பின்னும் 15 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் உரிமையாளரே அகற்றிக்கொள்ளலாம். இடிக்கும்போது காணொலிப் பதிவும், பங்கேற்ற அதிகாரிகள், காவலர்கள் பட்டியலும் கட்டாயம்.

சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், நீர்நிலை ஆகிய பொது இடங்களின் ஆக்கிரமிப்புக்கும், நீதிமன்றமே இடிக்க உத்தரவிட்ட கட்டடங்களுக்கும் இவ்வழிமுறைகள் பொருந்தா. ஆனால் இந்த விலக்கை முழு விடுதலையாக எண்ணிய அமைப்புகள் ஏமாறும். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், 30 நாள் நோட்டீஸ் இன்றி எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. சாலை விரிவாக்கத்துக்காக மகராஜ்கஞ்ச் நகரில் 2019-இல் ஒரு வீட்டை இடித்த உத்தரப் பிரதேச அரசு, ரூ. 25 லட்சம் இடைக்கால இழப்பீடு வழங்க வேண்டும் என 2024 நவம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கு எழுத்து மூலமான நோட்டீஸ் இல்லை. தண்டோரா போட்டதே நோட்டீஸ் எனக் கருதப்பட்டது.

இதில் புதிய சட்டக் கொள்கை எதுவும் இல்லை. மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985 ஜூலை 10-ஆம் தேதியே ஐவர் அமர்வு இதைத் தீர்த்துவைத்தது. நோட்டீஸ் இன்றி அகற்றலாம் என்று மும்பை மாநகராட்சிச் சட்டம் ஆணையருக்கு அதிகாரம் தந்ததே தவிர, நோட்டீஸ் தரவே கூடாது என்று சொல்லவில்லை என விளக்கியது அத்தீர்ப்பு. வாழ்வாதாரம், உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றும் கூறியது. நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமையில்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, மழைக்காலம் முடியும் வரை அவர்களை அகற்ற வேண்டாம் என்றும் தடுத்தது.

சொந்தப் பையிலிருந்து

புதிதாக வந்திருப்பது தண்டனையின் கூர்மை. வழிமுறைகளை மீறும் அதிகாரி அவமதிப்பு நடவடிக்கையைச் சந்திப்பதோடு, இடித்த சொத்தைச் சொந்தச் செலவில் மீட்டுத் தர வேண்டும். இழப்பீடும் தர வேண்டும் என்கிறது நவம்பர் தீர்ப்பு.

இதற்கும் ஒரு முன்னோடி உண்டு. 1993-இல் லக்னௌ வளர்ச்சி ஆணைய வழக்கில், மக்களுக்கு விளைந்த தொல்லைக்கான இழப்பீட்டை அதற்குக் காரணமான அதிகாரிகளிடமிருந்து வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மறுபுறம், 59 உயிர்களைப் பலிகொண்ட 1997-ஆம் ஆண்டின் தில்லி உப்ஹார் திரையரங்கத் தீ விபத்து வழக்கில், 2011-இல் வந்த தீர்ப்பு மாநகராட்சியை இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. சட்டக் கடமையை நல்லெண்ணத்துடன் செய்பவருக்குப் பாதுகாப்பு உண்டு என்ற கோட்பாடு அதில் வலுப்பெற்றது.

இரு தீர்ப்புகளுக்கும் இடையிலான கோடு எங்கே ஓடுகிறது? நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழைக்குப் பாதுகாப்பு உண்டு. தெரிந்தே நடைமுறையைத் தாண்டியதற்கு இல்லை. ஆந்திரத்தின் குண்டூரில் உயர் நீதிமன்ற உத்தரவை மீறிக் குடிசைகளை அகற்றிய வட்டாட்சியர், பின்னர் துணை ஆட்சியராகப் பதவி உயர்வு பெற்றார். அவரை மீண்டும் வட்டாட்சியராகவே பதவியிறக்கம் செய்தும், ரூ. 1 லட்சம் அபராதம் விதித்தும் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

அரசியல் தலைமையின் வாய்மொழி உத்தரவு கோப்பில் ஏறுவதில்லை. கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரே ஏறுகிறது. ஆகவே, சட்டப்படி முடியாது என்று எழுதித் தரும் வழக்குரைஞரே அந்த அதிகாரிக்கு உண்மையான துணை.

நடுவில் நிற்பவர்

மாநில அரசுக்குத் தலைமை வழக்குரைஞர் அலுவலகம் இருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகள் தங்களுக்கென நிலை வழக்குரைஞர்களையும், பட்டியலில் உள்ள வழக்குரைஞர்களையும் நம்பியுள்ளன. அரசுத் தரப்பு வழக்குரைஞர்களின் நியமனம் தகுதி அடிப்படையிலும் நியாயமான முறையிலும் அமைய வேண்டும் என்று பஞ்சாப், ஹரியாணா மாநிலங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் வலியுறுத்தியது. அந்த அறிவுரை மாநகராட்சிப் பட்டியல்களுக்கும் பொருந்தக் கூடியதே.

திறமையான வழக்குரைஞரும் கோப்பு இல்லாமல் எதுவும் செய்ய இயலாது. கட்டடப் பிரிவின் இளநிலைப் பொறியாளர் எழுதிய ஆய்வுக் குறிப்பு, தபால் ரசீது, ஒட்டியபோது எடுத்த புகைப்படம், சாட்சிகளின் கையெழுத்து ஆகியவை வரிசையாக இருந்தால் தடையுத்தரவு கேட்டு வரும் வழக்கை எதிர்கொள்ளலாம். இல்லையென்றால், நீதிபதியிடம் அவகாசம் கேட்பது ஒன்றே மிஞ்சும்.

தாமதத்துக்கும் இப்போது விலை உண்டு. கோப்பு மேசை மேசையாக நகர்ந்ததால் மேல்முறையீடு தாமதமாயிற்று என்ற காரணத்தை ஏற்க முடியாது என்று 427 நாள் தாமதமான அஞ்சல் துறை வழக்கில் 2012-இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2020 அக்டோபரில், 663 நாள் தாமதமாக வந்த மத்தியப் பிரதேச அரசுக்கு ரூ. 25 ஆயிரம் செலவுத் தொகை விதித்து, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடம் வசூலிக்குமாறும் உத்தரவிட்டது.

இவற்றுக்கெல்லாம் தீர்வு நீதிமன்ற வளாகத்தில் இல்லை. இடிப்பு உத்தரவில் கையெழுத்தாகும் முன்பே கோப்பு சட்டப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். எந்தப் பிரிவின் கீழ் நடவடிக்கை, நோட்டீஸ் யார் கைக்கு என்று போய்ச் சேர்ந்தது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெற வேண்டும். பெரும்பாலான அமைப்புகளில் வழக்குரைஞர் அழைக்கப்படுவது இடித்த பிறகுதான் என்பதே குறை.

நவம்பர் தீர்ப்பு சென்னைக்கும் மீரட்டுக்கும் ஒன்றே. விதிமீறலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அது சொல்லவில்லை. டிசம்பர் தீர்ப்பு அந்த ஐயத்துக்கும் இடமின்றிச் செய்துவிட்டது. அவகாசம் கொடுத்து, காரணம் எழுதி, பிறகு இடித்தால் எந்த நீதிமன்றமும் குறுக்கே நிற்கப் போவதில்லை. பிரயாக்ராஜில் அந்தப் பதிவுத் தபால் டிசம்பர் 18-ஆம் தேதியே முறையாகப் புறப்பட்டிருந்தால், அதற்கு ஆகியிருக்கக் கூடிய செலவு சில பத்து ரூபாய்கள். அது புறப்படாததால் வீட்டுக்காரர்கள் வீட்டை இழந்தார்கள். பொது அமைப்பு ஒன்றின் கருவூலம் வீட்டுக்கு ரூ. 10 லட்சம் வீதம் இழந்தது. அந்தக் கருவூலத்தை நிரப்புகிறவர்களும் அதே நகரத்து மக்கள்தாம்.